பரமு எங்கே என்று கேட்டவர்கள்

பிரதாபன் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள்.

போன மாதம் நம் சானலின் ஆண்டு விழாவில் 'மூன்று குடித்தனம்' தொடரைப் பற்றிப் பேசினீர்கள். "பரமு பொன்முடி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று ஒரு வசனம் வைத்தோம். நம் ரசிகர்கள் பாவம், நம்பிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் மறந்தும் போனார்கள். ஒரு போன்கூட வரவில்லை" என்றீர்கள். அரங்கம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். வலியசாலையில் என் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போன்களை எடுத்தவள் நான்.

என் பெயர் கிரேஸ். அந்த சானலின் வரவேற்பறையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். விழா மலருக்காக இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் வந்தார்கள். "சேச்சி, பழைய காலத்துல ரசிகர்கள் போன் பண்ணி பரமுவைக் கேப்பாங்களாமே? சிரிக்கிற மாதிரி நாலு சம்பவம் எழுதிக் குடுங்க" என்றார்கள். சரி என்றேன். எழுத உட்கார்ந்த வாரம்தான் உங்கள் பேச்சு வந்தது. அதனால் இது சிரிக்கிற மாதிரி இருக்காது. மலரில் போட மாட்டார்கள் என்று தெரியும். வேறு யாராவது போடட்டும்.

தொடரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரே வீட்டில் குடியிருக்கும் மூன்று வாடகைக்காரர்களின் கதை. மலையாளத் தொடர். மாடியில் ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் குடும்பம், கீழே ஒரு நர்ஸ் குடும்பம், பின்கட்டில் துணி தேய்க்கிற பரமு. பரமு எல்லை தாண்டி வந்த தமிழன். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவான். யாராவது கோபப்பட்டால் தேய்ப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "சூடு ஆறட்டும் சாறே" என்பான். அந்த ஒரு வரியை இன்றைக்கும் கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் கேட்கலாம். கண்டக்டரும் பயணியும் சண்டை போட்டால் பின் சீட்டிலிருந்து யாராவது சொல்வார்கள். பஸ்ஸே சிரிக்கும். தொடர் முடிந்து எத்தனை வருடம் ஆயிற்று! பிள்ளைகள் அதன் துண்டுகளைப் போனில் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள்.

பரமுவாக நடித்தவர் பெயர் தாசையன். பாறசாலைக்காரர். சர்ச் நாடகத்திலும் கோயில் திருவிழா நாடகத்திலும் ஒரே மாதிரி நடித்தவர். அவரை முதலில் எடுத்தது தமிழனைக் கேலி செய்யத்தான். அதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். முதல் பத்து பகுதிகளில் பரமு பேசுவதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான் அவனுக்கு வேலை. தாசையன் அண்ணன் அதை மெல்ல மாற்றினார். சிரிக்கிறவர்களைப் பார்த்துப் பரமு ஒரு நொடி சும்மா நிற்பான். பிறகு அவர்கள் சட்டையைத் தேய்ப்பான். வேறொன்றும் செய்ய மாட்டான். அதற்கப்புறம் பார்க்கிறவர்கள் பரமு பக்கம் வந்துவிட்டார்கள்.

எனக்கு அங்கே வேலை கிடைத்ததே அவரால்தான். தம்பானூர் ஹோட்டல்களில் வேலை செய்யும் நம் ஆட்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், எஸ்டேட்காரர்கள் எல்லாரும் பரமுவைக் கேட்டுத் தமிழில் கூப்பிட ஆரம்பித்தார்கள். தமிழ் பேசும் ஆபரேட்டர் வேண்டும் என்றார்கள். நான் களியக்காவிளையில் பிறந்து திருவனந்தபுரத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். பத்தாம் வகுப்பு படித்திருந்தேன், டைப்பிங் தெரியும். எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் சரோஜினியம்மா. டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் வந்து வரவேற்பறையை நடத்தியவர். மெலிந்த உடம்பு. நரைத்த முடியில் ஒரே ஒரு கொண்டை ஊசி. நான் தப்புச் செய்தால் திட்ட மாட்டார். அந்த ஊசியை உருவி மேசைக் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு நான் கடைசிவரை பயந்தேன்.

முதல் வாரம் என்னைப் போன் எடுக்கவே விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொன்னார். பிறகு, "இப்போ கூப்பிட்டது எங்கேருந்து?" என்பார். நான் ஊர் பெயர் சொல்லவில்லையே என்பேன். "பின்னாலே பாத்திரம் உருளுற சத்தம் கேட்டில்லே? ஹோட்டல் அடுக்களை. ஆளு முதலாளிக்குத் தெரியாம கூப்பிடுது. வேகம் பதில் சொல்லி வெச்சிடணும்" என்பார். கூப்பிட்டவர் பேசி முடித்த பிறகும் மூன்று எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கேட்க வந்த விஷயத்தை ஆட்கள் கடைசியில்தான் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. அது சரியாகவே இருந்தது.

நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று மேசையில் இருக்கும். நேரம், இடம், யாரைக் கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று நாலு கட்டம். கடைசிக் கட்டத்தில் அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். "தொடரைப் பாராட்டினார்" என்று நான் ஒருமுறை எழுதினேன். ஊசித் தட்டு விழுந்தது. "பாராட்டினாருன்னா என்ன? வாயாலே என்ன சொன்னாரு? அதை எழுது மோளே." ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நோட்டில் உள்ளதை டைப் செய்து நிகழ்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவோம். அந்தப் பிரிவின் தலைவராக இருந்த பிரதாபன் சார் பார்த்து ஓரத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டுத் திருப்பி அனுப்புவார். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு வாரமும் போனதில்லை.

இன்னும் ஒரு விதி இருந்தது. அதுதான் முக்கியம். யாராவது பரமுவைக் கேட்டால், "அப்படி ஆள் இல்லை" என்று சொல்லக் கூடாது. "இருக்கிறார்" என்றும் சொல்லக் கூடாது. "இப்போது இங்கே இல்லை, சொன்னதை எழுதி வைக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அது பொய்யும் இல்லை, மனதை நோகடிப்பதும் இல்லை. "நாம சொல்றதைக் கேட்டு ஒரு ஆளும் பஸ் ஏறக் கூடாது" என்பார் சரோஜினியம்மா.

அந்த நோட்டில் என்னென்ன இருந்தது! தம்பானூரில் பரோட்டா போடுகிற ஒருவர் வாரம் தவறாமல் கூப்பிடுவார். பூஜப்புரையிலிருந்து ஒரு பெண். "பரமு சட்டையில மூணாவது பட்டன் இல்ல. நாலு வாரமா பாக்குறேன். ஊருக்கெல்லாம் தேய்ச்சுக் குடுக்கிற ஆளுக்கு ஒரு பட்டன் தைக்க ஆளில்லையா?" கரமனையில் துணி தேய்க்கிற கிழவர் ஒருவர் கூப்பிட்டு, "பெட்டியை அவரு பிடிக்கிற பிடி சரிதான். எங்க ஆளுதான்னு சொல்லிடுங்க" என்றார். மற்ற நடிகர்களைக் கேட்கும்போது சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். இவரை மட்டும் பரமு என்றுதான் கேட்பார்கள். போனை வைத்ததும் நாங்கள் சிரிப்போம். "நெஜமாவே பரமுன்னு ஒருத்தன் இருக்கான்னு நெனச்சிட்டு இருக்கு, பாவம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். இதை ஒளிக்கவில்லை. அன்றைக்கு நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன், பிரதாபன் சார்.

ஒரு வருடம் மழைக்கு முன்னால், தாசையன் அண்ணன் இடது காலைத் தாங்கி நடக்க ஆரம்பித்தார். முட்டியில் வலி. வெளியே சொல்லவில்லை. சொன்னால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று பயம். செட்டில் யாரும் கவனிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கவனித்தார்கள். பரோட்டாக்காரர் கூப்பிட்டார். "பரமு அண்ணன் காலு எப்படி இருக்கு? படி இறங்கும்போது முகம் ஒரு மாதிரி போகுது. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க." நோட்டில் எழுதினேன். அந்த வாரமும் அடுத்த வாரமும் கால் பற்றி வேறு ஆட்களும் சொன்னார்கள். எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை டைப் செய்தது நான். இரண்டு தாளிலும் உங்கள் கையெழுத்து விழுந்து திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் காட்சி. தேய்த்த துணிகளைத் தலைக்கு மேலே அடுக்கிக்கொண்டு பரமு மாடிப்படி இறங்க வேண்டும், கடைசிப் படி தெரியாமல் விழ வேண்டும், துணியெல்லாம் பறக்க வேண்டும். நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் சொன்னதை எழுதுகிறேன், தவறு என்றால் மறுக்கலாம். மூன்று தடவை விழுந்தார். மூன்றும் நன்றாக இருந்தது என்று கேமராக்காரரே சொன்னாராம். அன்றைக்கு செட்டுக்கு வந்திருந்த நீங்கள், "துணி சரியா விரியலை, இன்னும் ஒண்ணு" என்றீர்கள். நாலாவது தடவை இடுப்பு எலும்பு போயிற்று. எழுந்திருக்கவில்லை. நடிக்கிறார் என்று நினைத்து எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் பிரதாபன் சார் வரவேற்பறைக்கு வந்தார். பரமு பொன்முடிக்குப் போய்விட்டதாகக் கதையில் வரும், போனில் கேட்பவர்களுக்கும் அதையே சொல்ல வேண்டும் என்றார்.

"ஆளு ஆஸ்பத்திரியில இருக்குன்னு சொன்னா என்ன சாறே?" என்று சரோஜினியம்மா கேட்டார்.

"இது சிரிப்புத் தொடர். இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிறான்னு தெரிஞ்சா யாரு சிரிப்பா?"

"அப்போ இப்போ இங்கே இல்லைன்னு சொல்றோம். அது போதுமே."

"போதாது. பொன்முடின்னு சொல்லணும்."

"எழுதித் தரணும் சாறே."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் எழுதிக் கொடுத்தார். பச்சை மையில் இரண்டு வரி. சரோஜினியம்மா அதை நீல நோட்டின் முதல் பக்கத்தில் பசை போட்டு ஒட்டினார். பிறகு மணி அடித்தது. அவரே எடுத்தார். "பரமுவோ? பொன்முடி எஸ்டேட்டுக்குப் போயிருக்காரே" என்று, வாழ்நாள் முழுக்கப் பொய்யே சொல்லிப் பழகியவர் மாதிரி அவ்வளவு இனிமையாகச் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல், "எழுதுறதை மட்டும் நிறுத்தாதே" என்றார். அவரும் கீழ்ப்படிந்தார், நானும் கீழ்ப்படிந்தேன். எங்களை யாரும் கழுத்தில் கத்தி வைத்து மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான்.

போன் வந்தது சார். ஒரு போன்கூட வரவில்லை என்றீர்களே, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியாமல் போன நாட்கள் உண்டு. எப்போது வருவான், அங்கே குளிருமே, கம்பளி இருக்கிறதா, கால் வலிக்கு மலை ஏற்றம் ஆகாதே. எழுதினேன். டைப் செய்தேன். கையெழுத்தோடு திரும்பி வந்தது. 

ஒரு நாள் பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றில் ஒரு கடைப் போனிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "தாயி, நாங்க பொன்முடி எஸ்டேட்டு. நாலு லயத்துலயும் கேட்டுட்டோம். பரமுன்னு ஒருத்தரும் வேலைக்கு வரலையே." வேறு எஸ்டேட்டாக இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டிரைவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் காட்டினேன். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வீடு வீடாகப் பரமுவைத் தேடியிருக்கிறார்கள் என்பது எனக்கு அவ்வளவு பெரிய தமாஷாக இருந்தது.

மூன்று நாள் கழித்து அந்த அம்மா நேரில் வந்தார். காவல்காரர் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். தமிழ்க்காரி என்று என்னைக் கூப்பிட்டார்கள். புடவைக்கு மேலே ஆண்கள் போடும் ஸ்வெட்டர். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தேன். உட்காரவில்லை.

"நீதான் போன்ல பேசுன புள்ளையா? நான் பேச்சி. கல்லாத்துல இருந்து கூப்பிட்டேனே."

"ஆமாம்மா. அது வந்து, பரமு..."

"பொன்முடியில இருக்கான்னு சொல்லப் போற. நான் பொன்முடியில இருந்துதான் வர்றேன்."

எனக்குப் பின்னால் சரோஜினியம்மா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"அம்மா, அது கதைக்காகச் சொல்றது. பரமுங்கிறது நடிப்பு. உண்மையில அப்படி ஒரு ஆளு..."

"ஏந்தாயி, எங்களை என்ன கிறுக்கச்சின்னு நெனச்சியா? கோயில் கொடைக்கு எம் மவன் எமன் வேசம் கட்டுறான். அதுக்காக வீட்டுல நாங்க சாகப் போறமா? நடிப்புன்னு தெரியாதா எங்களுக்கு?"

"பின்ன ஏம்மா பரமு எங்கேன்னு கேட்டீங்க?"

"அந்த மனுசனோட சொந்தப் பேரு எனக்குத் தெரியாதே. கடைசியில பேரு ஓடுது. எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்ச பேரைச் சொல்லித்தானே ஒரு ஆளைக் கேக்க முடியும்?"

சரோஜினியம்மா பழக்கியபடி மனதுக்குள் மூன்று எண்ணினேன்.

"ஆறு வாரமா ஆளைக் காணோம். அதுக்கு முந்தி இடது காலை ஊனாம நடந்தான். நான் மலையில ஏறி எறங்குறவ. நோவுக் கால வெச்சுக்கிட்டு ஏறுறவன் எப்படி ஏறுவான்னு எனக்குத் தெரியும். கூப்பிட்டுக் கேட்டா எங்க ஊர்லயே இருக்கான்னு சொல்றீங்க. அங்க வந்து கெடந்து சாகவா விட்டுட்டீங்கன்னு லயம் பூரா தேடுனோம். இல்ல. அப்போ என்னமோ ஆயிருக்கு. உசுரோட இருக்கானா? அதை மட்டும் சொல்லு. நான் போயிடுறேன்."

அவர் நடிகரைத் தேடினார். பல வருடமாக எனக்கு வந்த எல்லாப் போனும் அப்படித்தான் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அவர்கள் யாரும் கதையை நம்பிக் கேட்கவில்லை. பெயர் தெரியாத மனுஷனை, தெரிந்த பெயரால் விசாரித்தார்கள். அதைத்தான் நாங்கள் உட்கார்ந்து சிரித்தோம்.

"உசுரோட இருக்கார்" என்றேன்.

பேச்சியம்மா ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். துணி சுற்றி, வாயை மெழுகால் அடைத்திருந்தது. "முட்டிக்குத் தேய்க்கிற எண்ணெய். எங்க மலையில காய்ச்சுறது. யாருக்குன்னு உனக்குத் தெரியும்." சாயங்காலம் பஸ் கிடைக்காது என்று சொல்லித் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நான் உத்தரவை மீறிவிட்டேன். அதை நோட்டில் எழுதவும் வேண்டும். சரோஜினியம்மா நோட்டை வாங்கித் தன் கையால் எழுதினார். "நேரில் வந்தார். பொன்முடி. பரமு உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்று சொல்லப்பட்டது." கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அந்த வெள்ளிக்கிழமைத் தாளும் உங்களுக்கு வந்தது. விளக்கம் கேட்டீர்கள். தானே சொன்னதாக சரோஜினியம்மா எழுதிக் கொடுத்தார். அவருடைய ஒப்பந்தத்தை நீங்கள் நீட்டிக்கவில்லை. இன்று அவர் உயிரோடு இல்லை. அதனால் அவருக்காகவும் நானே கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எண்ணெய்ப் பாட்டிலோடு பாறசாலைக்குப் போனேன். தாசையன் அண்ணன் கட்டிலில் கிடந்தார். மகள்தான் பார்த்துக்கொண்டாள். என்னைக் கண்டதும், மகளைக் கூப்பிடுவது போல, "வா மக்களே. சூடா காப்பி இருக்கு, ஆறட்டும்னு சொல்ல மாட்டேன்" என்றார். சிரிக்க முயன்றேன்.

எண்ணெயைக் கொடுத்து, யார் தந்தது என்று சொன்னேன். அவர் பாட்டிலை வாங்கித் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "உள்ளதைச் சொல்லு கிரேசு. ஒரு ஆளாவது கேட்டுதா? பிரதாபன் சாறு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. ஆப்பிள் கொண்டுவந்தாரு. 'தாசையா, ஒரு போன்கூட வரல்ல. ஆளுகளுக்கு மறதி கூடுதலு. நீ நிம்மதியா ரெஸ்டு எடு'ன்னாரு."

"அண்ணே, தினமும் வருது."

"நீ நம்ம ஊருக்காரி. ஆறுதலுக்குச் சொல்லுத."

ஊரில் இருந்தவர்கள் வந்து பார்த்திருக்கிறார்கள். அது அவருக்குப் போதவில்லை. அக்கம் பக்கத்தார் யார் விழுந்தாலும் வருவார்கள். முகம் தெரியாத ஆட்கள் கேட்டார்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தானே அவர் அவ்வளவு காலம் நடித்தார்.

நோட்டை ஆபீஸை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு எடுத்தேன். புடவைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸில் போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விழுந்த மறுநாளிலிருந்து வாசித்தேன். கம்பளி இருக்கிறதா என்று கேட்டவர், ஜெபத்தில் சேர்த்திருக்கிறோம் என்றவர், அடுக்களையிலிருந்து ஒளிந்து கூப்பிட்ட பரோட்டாக்காரர். இடையில் நிறுத்தினால், "வாசி, வாசி" என்பார். பழைய பக்கத்தில் இருந்த பட்டன் விஷயத்தை வாசித்தபோது எழுந்து உட்காரப் பார்த்தார். "இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன்.

"அந்தப் பட்டனை நானாத்தான் பிச்செடுத்தேன். டைரக்டருக்கும் தெரியாது. பரமுவுக்கு ஆளில்லைன்னு காட்டணும்னு செய்தேன். ஒருத்தி பாத்திருக்கா பாரு" என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உட்கார்ந்தபடியே துணி தேய்க்கிற காட்சி என்றால் நடிக்க முடியும், நாலு மாதத்தில் வருகிறேன் என்று அவர் சொன்னதை நான் கடிதமாக டைப் செய்து உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் படித்துவிட்டு, "கிரேஸ், நீங்க போன் எடுத்தா போதும்" என்றீர்கள். இரண்டு வாரத்தில், பரமு பொன்முடியிலேயே கல்யாணம் செய்துகொண்டான், இனி வர மாட்டான் என்று தொடரில் ஒரு வசனம் வந்தது. தொடர் அதற்கப்புறமும் வருடக்கணக்கில் ஓடியது. ஆட்கள் அதற்கப்புறமும் கேட்டார்கள்.

இப்போது, நோட்டு எங்கே, காட்டு என்று கேட்பீர்கள். இல்லை. புதிய கட்டடத்துக்கு மாறியபோது, எதை எடுத்துச் செல்ல வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொரு அலமாரியிலும் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். தானாகப் பதில் சொல்லும் இயந்திரம் வந்துவிட்டது, ஆபரேட்டர் மேசையே இனி இல்லை. எனக்கு எல்லாவற்றின் மேலும் வெறுப்பு. திறந்துகூடப் பார்க்காமல் நோட்டு அலமாரியில் 'தேவையில்லை' என்று ஒட்டியது நான்தான். லாரியில் ஏறிப் போயிற்று. பச்சை மைத் தாளும் அதோடு போயிற்று. இந்த ஒரு காரியத்துக்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆகவே இது என் வார்த்தைக்கு எதிராக உங்கள் வார்த்தை. எனக்காக என்றால் விட்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டு இருந்து எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

விழா ஒளிபரப்பான மறுநாள் காலையில் போன் வந்தது. பாறசாலையிலிருந்து. அவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கண் முழுக்கப் போய்விட்டது. டிவியைக் கேட்க மட்டும் செய்கிறார்.

"கிரேசு, நான்தான். நேத்து கேட்டியா?"

"கேட்டேன் அண்ணே. அந்த ஆளு சொன்னதை விடுங்க. இப்பவும் பிள்ளைகளெல்லாம் உங்களைப் போன்ல பாத்துச் சிரிக்குது."

"சிரிக்குது, சரி. பேத்தியும் சொல்லுவா. சிரிக்கிறது வேற. அண்ணைக்குக் கேட்டாங்களா?" அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ ஒரு புக்கு கொண்டுவந்து வாசிச்சியே. அது அதுல எழுதியிருந்ததா மக்களே, இல்ல நீயா சொன்னதா?"

"எழுதியிருந்தது அண்ணே."

"சத்தியம் பண்ண வேண்டாம். நான் உன்னைக் குத்தம் சொல்லல்ல. எனக்கு அப்பவே கண்ணு மங்கல். நீ விரிச்சு வச்சிருந்த தாளுல எழுத்து இருந்துதா, வெறும் தாளான்னு நான் பாக்கல்ல. இவ்வளவு பெரிய மனுசன் ஊரறிய ஒரு போன்கூட வரல்லன்னு சொல்லும்போது... நீ அந்தப் பட்டனை நல்லா கற்பனை பண்ணியிருக்கேன்னு தோணிப்போச்சு. அதான் கேட்டேன். வைக்கட்டா?"

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுப்பதில்லை. மகள் எடுத்து, "அப்பா தூங்குது" என்கிறாள்.

பிரதாபன் சார், இத்தனை வருடம் அவரிடம் இருந்தது நான் நோட்டை வாசித்த அந்த ஒரு மத்தியானம்தான். அதையும் ஒரு சிரிப்புக்காக நீங்கள் எடுத்துவிட்டீர்கள். நான் இன்னும் நூறு தடவை சொன்னாலும் அது ஊர்க்காரியின் ஆறுதல். சொல்ல வேண்டியது நீங்கள். எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் பேச வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம், பாறசாலைக்கு ஆப்பிளும் கொண்டு போக வேண்டாம். நீங்கள் பேசிய அதே சானலில், அதே சத்தத்தில் சொல்லுங்கள். அவர் கால் நோகிறது என்று பார்த்தவர்கள் எழுதி அனுப்பியதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகும் நாலாவது தடவை விழச் சொன்னீர்களா? அவர் விழுந்த பிறகு உங்கள் மேசைக்கு வந்த வெள்ளிக்கிழமைத் தாள்களில் என்ன இருந்தது? தாசையன் எங்கே என்று மக்கள் கேட்டார்களா, கேட்கவில்லையா? கேட்டார்கள் என்றால் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். நான் பொய் சொல்கிறேன் என்றால் அதையும் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அவருக்குக் கண் தெரியாது, காது நன்றாகக் கேட்கிறது. பதில் சொல்லுங்கள்.